மாடித் தோட்டத்துக் காய்களில் மினெஸ்ட்ரோனி சூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அலசூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் தொட்டிகள் ஒரு நாளும் ஒரு கிலோ பீன்ஸைத் தந்ததில்லை. காலையில் கூடையோடு போனால் ஆறு பீன்ஸ், விரல் நீளத்தில் இரண்டு கேரட், ஒரு சௌசௌ, ஒரு கைப்பிடிக் கீரை, பழுத்த தக்காளி நான்கு என்றுதான் கிடைக்கும். இவற்றில் எதுவும் தனியாக ஒரு பொரியலுக்குப் போதாது. வாட விடவும் மனம் வராது. இப்படிச் சிறுகச் சிறுகக் கிடைக்கும் காய்களுக்கென்றே அமைந்தது போன்ற பண்டம் இத்தாலியர்களின் மினெஸ்ட்ரோனி. அதைச் செய்யத் தொடங்கிய பிறகு எங்கள் தெருவிலும் குடியிருப்பிலும் உள்ள தமிழ்க் குடும்பத்தினர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன விடைகளையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

ஓட்டலில் கிடைக்கும் வெஜிடபிள் சூப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இத்தாலிய மொழியில் ‘மினெஸ்ட்ரா’ என்றால் சூப். அதன் கடைசியில் ‘ஓனே’ என்ற விகுதி சேர்ந்தால் பெரியது என்று பொருள். ஆகவே மினெஸ்ட்ரோனே என்பது பெரிய சூப், அதாவது ஒரு வேளைச் சாப்பாடாகவே நிற்கக்கூடிய சூப். ஓட்டல் சூப்பைச் சோள மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். இதில் பயறும் உருளைக்கிழங்கும் கரைந்து விடும் மாவுச்சத்தே போதுமான அடர்த்தியைக் கொடுத்துவிடுகிறது. இதற்கு இன்ன காய்தான் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. மிலான் பக்கத்தில் அரிசி சேர்க்கிறார்கள், ஜெனோவா இருக்கும் லிகூரியாப் பகுதியில் இறக்கிய பிறகு பேசில் என்ற துளசி இன இலையை அரைத்த பெஸ்டோவை ஒரு கரண்டி கலக்கிறார்கள், பருவத்துக்குப் பருவம் காயும் மாறுகிறது. நம் திருவாதிரைக் களிக்குச் செய்யும் ஏழுகறிக் கூட்டை நினைத்துக்கொண்டால் இதன் மனநிலை உடனே பிடிபடும். புளியும் மசாலாவும் இல்லை என்பது மட்டுமே பெரிய வேறுபாடு.

நான்கு பேருக்கு என்ன அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும்?

ராஜ்மா அல்லது காராமணி 100 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, செலரித் தண்டு இரண்டு, பூண்டு நான்கு பல், தக்காளி 300 கிராம், நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்று, பீன்ஸ் 100 கிராம், சௌசௌ அல்லது சுரைக்காய் 150 கிராம், முட்டைக்கோஸ் 100 கிராம், ஏதாவது ஒரு கீரை இரண்டு கைப்பிடி, சிறிய பாஸ்தா 60 கிராம், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பயறு வெந்த நீரையும் சேர்த்து ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் என்பது நான் வழக்கமாக எடுக்கும் அளவு. உப்பும் மிளகும் ருசிக்கேற்ப. இதில் பயறு, வெங்காயம், கேரட், தக்காளி ஆகியவற்றை மட்டும் குறைக்க வேண்டாம். மற்றவை அன்றைக்குத் தொட்டி கொடுப்பதைப் பொறுத்தவை.

எந்தப் பயறு பொருத்தமானது?

இத்தாலியர்கள் பெரும்பாலும் போர்லோட்டி, கன்னெல்லினி ஆகிய பீன்ஸ் விதைகளைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் நம் ராஜ்மாவின் இனமே. புள்ளியுள்ள சித்ரா ராஜ்மா போர்லோட்டிக்கு மிக நெருங்கிய உறவு. ஆனால் காராமணி போட்டால் அது மாற்று ஏற்பாடு என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ராஜ்மா இனங்களும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவை, அதாவது 1492-க்கு முன்னால் இத்தாலியில் இல்லாதவை. அதற்கு முன்பு அங்கே சூப்பில் வெந்த பயறுகளில் கண் வைத்த காராமணியும் ஒன்று.

டிசம்பர், ஜனவரியில் பெங்களூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாக்கியம் உண்டு. அவரைக்காய்ப் பருவத்தில் தெருவெல்லாம் அவரை மணக்கும்போது, பச்சை விதையை இரவு ஊற வைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்தால் கிடைக்கும் பிதுக்குப் பருப்பு, கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, இந்தச் சூப்பில் வெண்ணெய் போல் கரைகிறது. அந்த இரண்டு மாதங்களும் நான் ராஜ்மா டப்பாவைத் திறப்பதே இல்லை.

எட்டு விசில் விட்டும் ராஜ்மா வேகவில்லை. என்ன காரணம்?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி இது, நானும் இதில் அடிபட்டவள். ஒரு கோடையில் காவேரித் தண்ணீர் ஒரு வாரம் வராமல் போய் லாரித் தண்ணீரை வாங்கிச் சமைத்தோம். எப்போதும் போல் ஊற வைத்த அதே ராஜ்மா, எப்போதும் போல் விட்ட அதே விசில்கள், ஆனால் குக்கரைத் திறந்து ஒரு விதையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் மட்டும் வழுக்கி விலக, உள்ளே சுண்ணாம்புக் கட்டி போல் நின்றது. கோளாறு தண்ணீரில் இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருந்தால், அவை பயறின் தோலிலும் செல் சுவரிலும் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளோடு பிணைந்து அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகின்றன. கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் படியும் வீடு என்றால் உங்கள் தண்ணீரும் கடின நீர்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பயறு ஊறவும் வேகவும் மட்டும் வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துவது முதல் வழி. ஊற வைக்கும்போது ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பைச் சேர்ப்பது இரண்டாவது வழி. உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் மென்மையாகிறது. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் நான் மதிப்பதில்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதற்கும் மசியாத பழைய பயறு என்றால், வேகும் நீரில் சமையல் சோடா கால் தேக்கரண்டிக்கும் குறைவாக, சிட்டிகையளவு போடலாம். கூடினால் சோப்பு வாசனை வரும்.

இன்னொரு காரணம், நாம் இருக்கும் உயரம். பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் அக்கா சொன்ன நேரக் கணக்கு இங்கே சற்றுப் பொய்ப்பது அதனால்தான். பயறைக் குக்கரில் தனியாக வேக வைத்துவிடுவதே இந்த ஊருக்குச் சரியான முறை.

பயறைத் தக்காளியோடு சேர்த்தே வேக வைத்துவிடலாமா?

கூடாது. தக்காளியின் புளிப்பும் பெக்டினைக் கரையவிடாது. வெந்த பயறு புளிப்பில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் குழைந்து போகாது என்பது இதே குணத்தின் நல்ல பக்கம்.

ஊற வைத்த ராஜ்மாவை மெதுவாக வேகும் மின்சாரக் குக்கரில் நேராகப் போடலாமா?

ராஜ்மாவில், அதிலும் சிவப்பு ராஜ்மாவில், பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதிக்கும்போது அது செயலிழந்துவிடும். கொதிக்காமல் வெதுவெதுவென்று மணிக்கணக்கில் கிடந்தால் அப்படியே இருந்து, சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொடுக்கும். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே மெது குக்கருக்கு மாற்றலாம். நம் பிரஷர் குக்கரில் விசில் விட்டு மசிய வேக வைத்தால் இந்தக் கவலை இல்லை.

வெங்காயத்தை வதக்க எதற்கு கால் மணி நேரம்?

சூப்பின் ருசி முழுவதும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் உருவாகிறது என்பேன். வெங்காயம், கேரட், செலரி ஆகிய மூன்றையும் கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரே அளவில் நறுக்கி, அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, ஒரு சிட்டிகை உப்போடு, மிகக் குறைந்த தீயில் வதக்குவதை இத்தாலியர்கள் சோஃப்ரிட்டோ என்கிறார்கள். நமக்குக் குழம்புக்கு வெங்காயம் சிவக்க வேண்டும். இதற்குச் சிவக்கவே கூடாது. முதல் ஐந்து நிமிடங்களில் காய்கள் நீர் விட்டுச் சலசலக்கும், வெங்காயத்தின் காரநெடி கண்ணில் படும். பத்தாவது நிமிடத்தில் அந்தச் சத்தம் அடங்கி, எண்ணெய் கேரட்டின் நிறத்தை வாங்கிக்கொண்டு இளம் ஆரஞ்சாகத் தெரியும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் நீர் ஓடி வந்து மூடாமல் கோடு அப்படியே நிற்கும். அப்போது நெடி போய் ஓர் இனிப்பு வாசனை எழும். அதுதான் பதம். பூண்டை அதற்குப் பிறகு போட்டு ஒரு நிமிடம் வதக்கினால் போதும், முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும்.

ஆலிவ் எண்ணெய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கடலை எண்ணெய்யில் வதக்கி, பரிமாறும்போது மேலே மட்டும் ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விடலாம். விலை உயர்ந்த எண்ணெய்யின் மணம் அப்போதுதான் வீணாகாமல் மூக்குக்கு வந்து சேரும். செக்கு நல்லெண்ணெய் வேண்டாம், சூப் முழுக்க அதன் ராஜ்யமாகிவிடும்.

செலரி கிடைக்கவில்லை என்றால்?

ரசல் மார்க்கெட்டிலும் மல்லேஸ்வரம் மார்க்கெட்டிலும் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ஆனால் ஒரு கட்டு வாங்கி இரண்டு தண்டை எடுத்துவிட்டு மிச்சத்தை அழுக விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. பெங்களூரின் மிதமான வெயிலில் செலரி தொட்டியில் நன்றாக வளர்கிறது, வெளித்தண்டை ஒடிக்க ஒடிக்க உள்ளிருந்து புதிது வரும், அதனால் வளர்த்துக்கொள்வதே உத்தமம். தொட்டிச் செலரி கடைச் செலரியைவிட மெலிந்தும் மணம் தூக்கலாகவும் இருக்கும் என்பதால் இரண்டு தண்டுக்குப் பதில் மெலிந்த தண்டு மூன்றே போதுமானது. சுத்தமாக இல்லை என்றால் நூல்கோலின் இளந்தண்டையும் கொஞ்சம் பார்ஸ்லித் தண்டையும் பொடியாக நறுக்கிச் சேர்க்கிறேன். கொத்தமல்லித் தண்டைச் சிலர் போடுகிறார்கள்; எனக்கு அது உடனே ரசத்தை நினைவூட்டிவிடுகிறது.

நாட்டுத் தக்காளியா, ஆப்பிள் தக்காளியா?

ஆப்பிள் தக்காளிக்குச் சதை அதிகம், புளிப்புக் குறைவு. நாட்டுத் தக்காளிக்குச் சாறும் புளிப்பும் அதிகம். பாதிக்குப் பாதி நல்லது. தோல் சூப்பில் சுருண்டு மிதப்பது பிடிக்காதவர்கள் தக்காளியின் அடியில் கத்தியால் சிலுவை போல் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் தோல் கையோடு வந்துவிடும். நாட்டுத் தக்காளி மட்டுமே இருக்கும் நாளில் அதில் பாதியை முதலிலும் மீதியை உருளைக்கிழங்கு வெந்த பின்னும் போடுங்கள், ஏனெனில் பயறைப் போலவே உருளைக்கிழங்கையும் புளிப்பு வேக விடாது.

எல்லாக் காயையும் ஒன்றாகப் போட்டுக் குக்கரில் வைத்தால் என்ன?

சூப் வரும், மினெஸ்ட்ரோனி வராது. பீன்ஸ் சாம்பல் நிறமாகி, கீரை கூழாகி, சௌசௌ இருந்த இடமே தெரியாமல் போகும். கலப்புக் காய்ச் சமையலில் ஒவ்வொரு காயும் உள்ளே போகும் நேரம்தான் கைப்பக்குவம், அதைத் தவிர இந்தச் சூப்பில் வேறு ரகசியம் இல்லை.

சோஃப்ரிட்டோ பதமானதும் தக்காளியைச் சேர்த்து அது குழைந்து எண்ணெய் ஓரத்தில் தெளியும்வரை ஏழெட்டு நிமிடம் வதக்க வேண்டும். பிறகு தண்ணீரும் பயறு வெந்த நீரும் ஊற்றிக் கொதித்ததும் உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் போட்டுப் பாத்திரத்தைப் பாதி மூடிப் பன்னிரண்டு நிமிடம் விடலாம். நூல்கோல், முற்றிய கேரட் போன்றவை இருந்தால் அவற்றுக்கும் இதுவே நேரம். அடுத்தது சௌசௌ, முட்டைக்கோஸ், பச்சைப் பட்டாணி, அவற்றுக்குப் பத்து நிமிடம். அப்போதே வெந்த பயறில் முக்கால் பங்கை முழுசாகவும் கால் பங்கை மசித்தும் சேர்த்தால் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்த சூப் கண்ணெதிரே உடம்பு பிடிக்கும். இறக்குவதற்கு நான்கு நிமிடம் முன்பு கீரை. இறக்கிய பின் மூடி வைத்துக் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறங்கியவுடன் தனித்தனிக் காயாக ருசித்தது அந்த நேரத்தில் ஒன்றுகூடிவிடுகிறது.

சௌசௌவுக்குத் தமிழில் பெங்களூர் கத்தரிக்காய் என்றே ஒரு பெயர் இருக்கிறது. இத்தாலியர்கள் போடும் சுக்கினியின் இடத்தில் அதைப் போடும்போது ஊருக்கு மரியாதை செய்த திருப்தி எனக்குத் தனியாக வருகிறது.

எந்தக் காயைத் தவிர்க்க வேண்டும்?

வெண்டைக்காய் வழுவழுப்பாக்கும், பீட்ரூட் எல்லாவற்றையும் தன் நிறத்துக்கு இழுக்கும், பாகற்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முள்ளங்கிக் கிழங்கு வேண்டாம், அதன் இளங்கீரை அருமை. முருங்கைக்கீரை போடலாம், ஆனால் ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் கசப்பு தட்டும்.

பறித்த காயை எப்படிச் சுத்தம் செய்வது?

கீரையின் அடிப்பக்கத்தில் அசுவினி ஒட்டியிருக்கும். உப்பு கரைத்த நீரில் பத்து நிமிடம் மூழ்க வைத்துப் பின் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

பாஸ்தா ஊறிப் போய்ச் சூப் முழுவதையும் குடித்துவிடுகிறதே?

அதற்குத்தான் பாஸ்தாவைத் தனியாக வேக வைத்து, கிண்ணத்தில் போட்டு, மேலே சூப்பை ஊற்றச் சொல்கிறேன். அன்றே முழுவதும் தீர்ந்துவிடும் என்ற உறுதி இருந்தால் மட்டும் சூப்பிலேயே வேக விடலாம். அப்படிச் செய்தால் இன்னும் இரண்டு குவளை நீர் கூடுதலாக வேண்டும். சிறிய எல்போ மாக்கரோனி போதும். மிலான் வழியில் 50 கிராம் சோனா மசூரி அரிசியைச் சேர்த்தாலும் நன்றாக இருக்கிறது, வயதானவர்களுக்கு அதுவே பிடிக்கிறது. சேமியா நிமிடத்தில் குழைந்துவிடும், தவிர்க்கலாம்.

நாங்கள் சைவம். பார்மெசான் சீஸ் சேர்க்கலாமா?

இத்தாலியில் செய்யப்படும் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் சேர்க்கிறார்கள்; அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் அதுவே விதி. ஆகவே சைவ உணவில் கண்டிப்பாக இருப்பவர்களுக்கு அது ஆகாது. நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த இந்தியச் சீஸ்களில் பச்சைப் புள்ளி இருக்கும், பார்த்து வாங்கலாம். அந்தச் சீஸின் காய்ந்த தோலைச் சூப்பில் போட்டுக் கொதிக்க விடுவது இத்தாலியப் பழக்கம், காரணம் அதில் நிறைந்திருக்கும் குளுட்டமேட் கொடுக்கும் ஆழமான ருசி. சீஸே வேண்டாம் என்பவர்கள் வெயிலில் வற்றலாக உலர்த்திய தக்காளி நான்கைந்து துண்டையும் உலர்ந்த காளானையும் கொதிநீரில் ஊற வைத்து, அந்த நீரோடு சேர்த்தால் ஏறக்குறைய அந்த ஆழம் கிடைக்கும்.

பேசிலுக்குப் பதில் துளசி போடலாமா?

இரண்டும் ஒரே பேரினம், ஆனால் துளசியின் கிராம்பு நெடி சூப்பைக் கஷாயமாக்கிவிடும். பேசில் நமக்குத் தெரியாத செடியும் அல்ல. சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சிலைதான் அது. அதன் நாட்டு வகைக்கு மணம் சற்றுக் கடுமை என்பதால் ஐந்தாறு இலையைக் கிள்ளி, அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். ஓரிகானோவுக்கு மாற்றாக ஓமவல்லி இலை ஒன்றைப் பொடியாக அரிந்து போடலாம். இரண்டிலும் கார்வாக்ரோல் என்ற ஒரே மணப்பொருள் உண்டு. ஒன்றே ஒன்று, இரண்டாவது இலை போட்டால் சளி மருந்து.

கரம் மசாலா, பெருங்காயம்?

மிளகுத்தூளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத வீட்டில் பெருங்காயத்தைக் கேட்பார்கள் என்று தெரியும். அதைவிடச் செலரியையும் முட்டைக்கோஸையும் இரட்டிப்பாக்கி மெதுவாக வதக்குவது மேல்.

தண்ணீருக்குப் பதிலாக ஸ்டாக் தேவையா?

சோஃப்ரிட்டோ சரியாக வந்திருந்தால் தேவையே இல்லை. செய்தே தீருவேன் என்றால் கேரட் நுனி, செலரி இலை, பட்டாணித் தோல், தக்காளித் தோல் ஆகியவற்றை அரை மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டலாம். முட்டைக்கோஸ் தண்டை அதில் சேர்த்தால் கந்தக வாடை வரும்.

எதோடு சாப்பிடுவது?

அய்யங்கார் பேக்கரி ரொட்டி மிருதுவானது, இனிப்பும் உண்டு. தடிமனாக வெட்டித் தோசைக்கல்லில் எண்ணெய் தடவி மொறுமொறுப்பாகச் சுட்டு, சூடாக இருக்கும்போதே பூண்டுப் பல்லை அதன் மேல் தேய்த்தால் சூப்புக்கு ஏற்றதாகிவிடும்.

எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், பாஸ்தா கலக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எடுத்த அளவை மட்டும் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். இரண்டாம் நாள் சூப் முதல் நாளைவிட ருசிக்கும். ஃபிரீசரில் வைப்பதானால் உருளைக்கிழங்கை எடுத்துவிடுங்கள், அது பஞ்சு போலாகிவிடும்.

மூன்றாம் நாள் அடியில் கெட்டியாக மிஞ்சுவதை இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் கொட்டுவதில்லை. காய்ந்த ரொட்டித் துண்டுகளை அதில் பிய்த்துப் போட்டு மீண்டும் கொதிக்க வைத்து, ரிபொல்லீட்டா, அதாவது மறுபடி கொதித்தது, என்று பெயரிட்டுச் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அதைத் தோசைக்கல்லில் பரப்பி, அடி பொன்னிறமாகும்வரை விட்டு, திருப்பிப் போட்டு எடுப்பேன். மாடியிலிருந்து அன்று காலை பறித்த பச்சை வெங்காயத் தாளை மேலே தூவுவதோடு சரி.